நீ ஒட்டி வைத்த வெள்ளைச் சீட்டு

என் கோகிலாக் கண்ணு,

நீ ஹாஸ்டலில் படித்த காலத்தில்கூட உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. போனில் "சாப்பிட்டயா, செரி வையி" என்பதோடு என் பாசம் முடிந்துவிடும். இப்போது டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் ஆண்டு மலர் போடுகிறார்கள். டயாலிசிஸ் கட்டடம் எழுந்த கதையை ரெண்டு பக்கம் எழுதித் தரும்படி செக்ரட்டரி கேட்டார். கான்ட்ராக்டருக்கு எழுத வருவது கொட்டேஷன் ஒன்றுதான். நாலு நாள் உட்கார்ந்து பார்த்தேன், எப்படி ஆரம்பித்தாலும் உன்னைப் பார்த்துப் பேசுகிற மாதிரியே வருகிறது. சரி, இப்படியே போகட்டும், படிக்கிறவர்கள் ஓரமாக நின்று கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. உன் அண்ணிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் என்னை முறைக்கிறாள். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் வேலையைப் பார்த்துக்கொண்டு சனிக்கிழமை தவறாமல் மகளைப் பார்க்க வந்துவிடுகிறார். உன் நிலா மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நீ முதலில் கேட்பது கட்டடத்தைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். அதை வரிசையாகச் சொல்கிறேன், வழக்கம்போல நடுவில் புகுந்து "ஏனுங்ண்ணா" என்று கேட்காதே. கேட்டால் நன்றாகத்தான் இருக்கும்.

நீ யார் என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா. நீ என் ஒரே தங்கை, எனக்குப் பதினாலு வயது இளையவள். எஞ்சினியரிங் படித்துவிட்டுக் கொச்சியில் பெரிய பெரிய கட்டடங்களில் வேலை பார்த்தாய். நிலாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற வருஷம் கோவிந்தாபுரத்துக்கே வந்து, எங்கள் வீட்டு மாடியில் குடியேறி, "இனி உங்க சைட்டுல நான் எஞ்சினியர்" என்று அறிவித்தாய். கேட்கவில்லை, அறிவித்தாய். நான் அப்போது இருபத்தைந்து வருஷமாக வீடும் கல்யாண மண்டபமும் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத வேலை இந்தப் பக்கத்தில் இல்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு.

அந்த நேரத்தில்தான் கொல்லங்கோடு ரோட்டில் டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் கட்டடம் கட்டும் வேலை நமக்கு வந்தது. பத்துக் கட்டில் போடுகிற வார்டு, பின்னால் தண்ணீர் சுத்திகரிக்கிற அறை. பார்க்கச் சின்னதுதான். ஆனால் இந்தக் கேரள எல்லைப் பக்கத்து ஆட்கள் வாரத்துக்கு மூன்று நாள் பஸ் மாறிப் பாலக்காட்டுக்கோ பொள்ளாச்சிக்கோ போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறார்கள். நம் மேஸ்திரி ஆறுமுகத்தின் மனைவி சரஸ்வதியும் அதில் ஒருத்தி. போகும்போது நடந்து போவாள், வரும்போது ஆறுமுகம் தோளைக் கொடுத்துத்தான் கூட்டி வருவார். அந்த நாட்களில் அவர் சைட்டுக்கு வருவது பாதிப் பொழுதுதான்.

முதல் நாள் நீ என்ன செய்தாய்? சிமெண்ட் ஷெட்டின் உள்சுவர் முழுக்கக் காக்கிக் காகிதம் ஒட்டினாய். ஆறுமுகம், மலையாளத்துப் பிளம்பர் ஷாஜி, எலக்ட்ரீஷியன், நான் எல்லோரையும் காலை ஏழரைக்கு அதன் முன்னால் நிறுத்தினாய். நாற்காலி கிடையாது. "நின்னாத்தானுங்ண்ணா பேச்சு சீக்கிரம் முடியும்" என்றாய். கையில் கலர் கலராகச் சீட்டுக் கட்டு. ஷாஜிக்கு நீலம், ஆறுமுகத்துக்கு மஞ்சள், எலக்ட்ரீஷியனுக்குப் பச்சை, உனக்கு வெள்ளை. எனக்குச் சிவப்பு, ஏன் என்று கேட்டதற்கு "கோவக்காரருக்கு அதுதான் எடுப்பா இருக்கும்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாய்.

"சீட்டாடறதுக்கா உன்னைய இவ்வளவு படிக்க வெச்சேன்" என்று நானும் விடவில்லை.

நீ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கடைசி நாளிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாய். கடைசியாக என்ன நடக்க வேண்டும் என்று கேட்டாய். நான் திறப்பு விழா என்றேன். எலக்ட்ரீஷியன் லைட் எரிய வேண்டும் என்றார். நீ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாய். கடைசியில் ஆறுமுகம் மெதுவாக, "சரசு இங்க வந்து கட்டல்ல படுக்கோணுங்க" என்றார். அதை அப்படியே எழுதிச் சுவரின் வலது ஓரத்தில் ஒட்டினாய். "அதுக்கு முந்தி என்ன நடந்திருக்கணும்?" என்று கேட்டாய். மெஷின் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்? சுவரில் டைல் ஏறியிருக்க வேண்டும். அதற்கு முன்? சுவருக்குள் போகிற சுத்த நீர்க் குழாய் ஒழுகாது என்று சோதித்திருக்க வேண்டும். இப்படியே பின்னால் பின்னால் வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் அஸ்திவாரக் குழியில் வந்து நின்றோம். கல்யாணம் வைத்தால் முகூர்த்தத்திலிருந்துதானே பின்னோக்கிக் கணக்குப் போடுகிறோம்? கட்டடத்துக்கு அது எனக்கு ஏன் தோன்றவில்லை?

உன் முறைக்குப் பெரிய தடை நம் ஊர் மரியாதை. நம் பக்கத்தில் யாரும் யாரையும் பார்த்து முடியாது என்று சொல்வதில்லை. "ஆகட்டுங்க" என்பார்கள். முடிந்தாலும் ஆகட்டுங்க, முடியாவிட்டாலும் ஆகட்டுங்க. கேட்டவர் மனசு அந்த நிமிஷம் சுருங்கக் கூடாது, அவ்வளவுதான். ஷாஜி முதலாளிகளிடம் சொல்கிற "செரியாக்காம் சேட்டா"வும், சரி பண்ணிடலாம் என்கிற அதே சரக்குதான். நானும் அதில் பழம் தின்று கொட்டை போட்டவன்.

நீ ஆறுமுகத்திடம் புதன்கிழமைக்குள் பின்சுவர் முடியுமா என்று கேட்டது நினைவிருக்கிறதா?

"ஆகட்டுங்க அம்மிணி."

"முடியுமா, முடியாதா, மேஸ்திரிண்ணா?"

அவர் தோள் துண்டை எடுத்து மடித்தார், மறுபடியும் பிரித்தார். "நீங்க இத்தன தூரம் கேக்கறப்ப எப்புடிங்க முடியாதுன்னு சொல்றது?"

"இன்னிக்கே முடியாதுன்னு சொன்னீங்கன்னா நான் ஷாஜிக்கு வேற வேலை குடுத்துருவேன். புதன்கிழமை வந்து சொன்னீங்கன்னா அவரு அன்னிக்குப் பூரா சும்மா நிப்பாரு. இதுல எதுங்ண்ணா மரியாதை?"

ஆறுமுகம் பேனாவை வாங்கினார். பிறகு "அப்பிடீன்னா வெள்ளிக்கெழமைங்க" என்று தன் கையாலேயே மஞ்சள் சீட்டில் எழுதினார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சுவர் முடிந்தது. அவர் அந்தச் சீட்டை எடுத்து உன் கையில் கொடுத்தபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பன் மாதிரி இருந்தார்.

சனிக்கிழமை தோறும் அந்த வாரம் சொன்னது எத்தனை, நடந்தது எத்தனை என்று சுவரிலேயே எழுதினாய். முதல் மூன்று வாரமும் அதிகமாகத் தவறியது எந்தக் கலர் என்று நான் சொல்ல வேண்டுமா? சிவப்பு. ஆட்களைத் திட்டித் திட்டி வேலை வாங்கினவன், சொன்ன நாளில் மணலைக் கொண்டுவந்து போடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் காகிதத்தையே கிழித்திருப்பேன். நீ திட்டவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டாய். லாரி வரவில்லை. ஏன் வரவில்லை? செக்போஸ்டில் நின்றுவிட்டது. ஏன் நின்றது? மணல் பெர்மிட் சரியாக இல்லை. ஏன் இல்லை? டிரைவருக்கு நான் அன்று காலையில்தான் போன் செய்தேன், அவன் அவசரத்தில் பழைய பெர்மிட்டோடு கிளம்பிவிட்டான். "அப்ப டிரைவர் மேலயும் தப்பில்ல, செக்போஸ்ட் மேலயும் தப்பில்ல. முந்தின நாளே போன் பண்ணிருங்ண்ணா" என்றாய். அவ்வளவுதான் வைத்தியம். இருபத்தைந்து வருஷமாக நான் டிரைவர்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

சித்தாள் மாராத்தாள் பின்னாலேயே நீ அரை நாள் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அவள் என்னை விடமாட்டாள். கையில் நோட்டோடு, அவள் செங்கல் சுமந்து போகிற இடமெல்லாம் போனாய். எஞ்சினியரம்மா தன்னை வேவு பார்க்கிறாள் என்று அவள் பயந்தே போனாள். சாயங்காலம் நீ சொன்னாய், அவள் பொழுதில் பாதி வெறும் நடைதான், கல்லைக் கேட் பக்கத்தில் இறக்கியது லாரிக்காரன் சௌகரியத்துக்காக என்று. அடுத்த லோடு சுவர் பக்கத்திலேயே இறங்கியது. மாராத்தாள் இப்போதும் எந்த சைட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது "கல்லு எங்கீங்க எறக்குவீங்க?" என்பதுதான்.

தளம் போடுவதற்கு முன்னால் ஷாஜியையும் கம்பி கட்டுகிறவர்களையும் ஒரே வரைபடத்தைச் சுற்றி நிற்க வைத்தாய். ஷாஜியின் குழாய் போக வேண்டிய இடத்தில் சரியாக ஒரு பீம் வந்தது. என் பழைய வேலைகளில் இது கான்கிரீட் காய்ந்த பிறகுதான் தெரியும். அப்புறம் டிரில் மெஷினைக் கொண்டுவந்து குடைவோம், ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்வோம். இந்தத் தடவை பென்சிலால் ஒரு கோடு தள்ளிப் போட்டு முடிந்துபோனது. அன்று மாலை வீட்டில் உன் அண்ணியிடம், "இவ எங்கிட்ட வந்ததுக்கு நான் குடுத்து வெச்சிருக்கோணும்" என்றேன். உன்னிடம் சொல்லவில்லை. அதை இப்போது சொல்கிறேன்.

உன் சட்டங்களில் கறாரானது ஒன்று இருந்தது. எழுதினவர்தான் சீட்டை எடுக்க வேண்டும். ஒரு தடவை நான் ஷாஜியின் நீலச் சீட்டைப் பிடுங்கி ரெண்டு நாள் முன்னால் ஒட்டினேன். அத்தனை பேர் முன்னாலும் நீ அதை எடுத்துப் பழைய இடத்திலேயே ஒட்டி, "வேலை செய்யறது அவரு. நாளையும் அவருதான் சொல்லணும்" என்றாய். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து ஷாஜி கொடுத்த வாக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. தன் வார்த்தையை மதித்தவளிடம் அவன் பொய் சொல்ல விரும்பவில்லை.

பிறகு அந்த மழை வந்தது. பின்பக்கக் கால்வாய் அடைத்துக்கொண்டு சைட்டில் தண்ணீர் தேங்கியது. எங்கே அடைப்பு என்று பார்க்க நீயே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாய். முழங்கால் வரை தண்ணீர். காலில் ஏற்கெனவே ஒரு சிராய்ப்பு இருந்தது. ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் என்று படுத்தாய். எலிக்காய்ச்சல் என்று டாக்டர் சொல்வதற்குள் கண் மஞ்சளாகிவிட்டது. இருபத்தைந்து வருஷம் கான்ட்ராக்ட் எடுத்தவன் சைட்டுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி வைக்கவில்லை, கோகிலா. அந்த வேலைக்கு யார் சீட்டும் சுவரில் இல்லை. இதற்கு ஏன் என்று நீ கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

உன்னைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோன அன்று நிலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எப்ப மாமா வரும்?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "வெள்ளிக்கெழமை வந்துருவா கண்ணு" என்றேன். நம் ஊர்க்காரன் வாயில் வருகிற பதில்தானே வரும்? வெள்ளிக்கிழமை நாங்கள் உன்னைக் கொண்டுவந்தது வேறு விதமாக. அன்றிலிருந்து நிலா என்னிடம் எதையும் கேட்பதில்லை. பென்சில் வேண்டும் என்றால் அத்தையிடம் கேட்பாள், மிட்டாய் வேண்டும் என்றால் அப்பாவிடம் கேட்பாள். நான் வாங்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். கேட்கமாட்டாள். மற்றதெல்லாம் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சைட்டுக்குப் போனேன். வேலை நின்றிருக்கும் என்று நினைத்தேன். காலை ஏழரைக்கு ஷெட்டுக்குள் பேச்சுச் சத்தம். ஆறுமுகமும் ஷாஜியும் எலக்ட்ரீஷியனும் சுவரின் முன்னால் நின்று, நீ கேட்கிற மாதிரியே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசலிலேயே நின்று அழுதேன். அவர்கள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

இனி நான் செய்த தப்பு. ஒரு நாள் செக்ரட்டரி வந்து, திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் ஒருவர் நாள் கொடுத்திருக்கிறார், அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, முடியுமா என்று கேட்டார். நான் ஷெட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்திருக்க வேண்டும், நிற்கிறவர்களைக் கேட்டிருக்க வேண்டும். "ஆகட்டுங்க சார்" என்றேன். நீ போய் ரெண்டு மாதம்கூட ஆகவில்லை, நான் பழைய ஆளாகிவிட்டேன்.

விழாவுக்கு டைல் முடிய வேண்டும். டைலோ ஆரம்பிக்கவே இல்லை. ஆறுமுகம் ஒரு நாள் டைல் வெட்டுகிற மெஷின் ரிப்பேர் என்பார், மறுநாள் பூச்சு காயவில்லை என்பார், அடுத்த நாள் வேறு மூலையில் ஏதாவது தட்டிக்கொண்டிருப்பார். பத்து நாள் பொறுத்தேன். பதினோராவது நாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வெடித்தேன்.

"நாளைக்குக் காத்தால டைல் ஏறோணும். இல்லீன்னா நான் வேற ஆளைக் கொண்டாருவேன்."

ஆறுமுகம் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. என்னை நேராகப் பார்த்து, "முடியாதுங்க" என்றார்.

இருபது வருஷம் என்னோடு வேலை செய்தவர். என்னைப் பார்த்து அவர் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை.

"ஏனுங்க? உங்க ஊட்டுக்காரம்மாவுக்குந்தான இது சீக்கிரம் முடியோணும்?"

"அவளுக்குத்தானுங்க. அவ ஒடம்புல போற தண்ணிங்க அது. டைலுக்கு முந்தி அம்மிணி சீட்டு ஒண்ணு இருக்குதுங்க. அத எடுக்காம நான் எப்புடிங்க மேல டைல ஏத்தறது?"

திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் சீட்டுக்கு இடது பக்கம் உன் வெள்ளைச் சீட்டு. "சுத்த நீர்க் குழாய் சோதனை. கோகிலா." ஓரம் சுருண்டு, புழுதி படிந்து அங்கேயே இருந்தது.

"அப்ப எடுத்துட்டு சோதனையப் பண்ணிருக்கலாமல்ல?"

"எழுதுனவங்கதானுங்க எடுக்கோணும்" என்றார் ஆறுமுகம். ஷாஜி தரையைப் பார்த்துக்கொண்டு, "ஞானும் தினம் அதைத்தான் நோக்கிட்டு நின்னேன் சேட்டா. தொட மனசு வந்நில்ல" என்றான். இத்தனை பேரும் அந்த ஒரு சீட்டைச் சுற்றி நடந்திருக்கிறார்கள், அதற்குப் பின்னால் இருக்கிற வேலையெல்லாம் நிற்க, யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் மட்டும் என்ன? தினமும் காலையில் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பியவன்தான். அதை எடுத்தால் நீ இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்குத்தான் பயந்தேன். டைலைப் போட்டு மூடிவிட்டால் அந்த நாளே வராமல் போய்விடும் என்று மனசுக்குள் ஒரு கள்ளக் கணக்கு.

சுவருக்குப் போய் அதை நகத்தால் பிரித்தேன். காகிதம் கிழிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஆறுமுகம் பக்கத்தில் வந்து மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். சிவப்புச் சீட்டை எடுத்து அதே வேலையை என் பெயர் போட்டு எழுதி ஒட்டினேன். ஷாஜியிடம் என்றைக்கு முடியும் என்று கேட்டேன். நாளைக்கு என்றான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷாஜி குழாயின் முனைகளையெல்லாம் அடைத்து, தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினான். மீட்டர் முள் சாயங்காலம் ஐந்து மணி வரை அசையக் கூடாது. நான் அதன் முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பதினோரு மணி வரை முள் நின்றது. பன்னிரண்டுக்கு ஒரு நூல் இறங்கியது. ஒரு மணிக்கு யாருக்கும் சந்தேகமில்லை. டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டே போனோம். நாலாவது கட்டில் வருகிற இடத்தில், குழாய் வளைகிற முழங்கை மூட்டில், வியர்வை மாதிரி ஈரம் பூத்திருந்தது.

"இது எண்டெ கைப்பிழையாணு சேட்டா" என்றான் ஷாஜி, நாங்கள் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. நான் திட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், திட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். அந்த மூட்டைச் சூடுபடுத்தி ஒட்டிய அன்று மழை, கரண்ட் போய்ப் போய் வந்தது, கருவி சரியாகச் சூடாகவில்லை. அப்படியென்றால் அன்று ஒட்டிய மற்ற மூட்டுகள்? அவரவர் எடுத்துக் கொடுத்த சீட்டுகளில் நீ உன் கையால் தேதியும் இடமும் எழுதிக் கட்டி வைத்திருந்தாயே, அதை ஆறுமுகம் எடுத்து வந்தார். நாலாவது கட்டிலிலிருந்து ஏழாவது கட்டில் வரை அன்றைய வேலை. அத்தனையையும் வெட்டி எடுத்துப் புதிதாகப் போட முடிவு செய்தோம். நீ இல்லாத இடத்தில் உன் கையெழுத்து எங்களுக்கு வழி சொன்னது. நான் அந்தச் சுவரை மூடச் சொல்லியிருந்தேன், கோகிலா. மூடியிருந்தால்?

அங்கிருந்தே நேராகச் செக்ரட்டரியின் அறைக்குப் போனேன். வாழ்க்கையில் ஒரு முதலாளி முன்னால் நான் நின்று சொன்ன முதல் "முடியாதுங்க" அதுதான். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க தங்கச்சி இருந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பா, அல்லே?"

"ஆமாங்க சார்."

"இனி எத்தனை நாள் வேணும்? உறப்பாயிட்டு, உறுதியாச் சொல்லணும்."

"நான் சொன்னா அது மறுபடியும் பொய்யாப் போயிருங்க சார். நாளைக்குக் காத்தால ஏழரைக்கு ஷெட்டுக்கு வந்து நில்லுங்க. வேலை செய்யறவங்களே சொல்லுவாங்க."

வந்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் நின்றார். ஷாஜி நாலு நாள் என்றான், மறு சோதனைக்கு ஒரு நாள், ஆறுமுகம் டைலுக்குப் பன்னிரண்டு நாள். மெஷினை வரவழைக்கிற வேலை டிரஸ்டுடையது என்பதால் மாராத்தாள் அவர் கையிலேயே ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டாள். அவரும் எழுதி ஒட்டினார். விழாவைத் தள்ளி வைப்பதாகப் பெரிய மனிதருக்கு அங்கிருந்தே போன் செய்தார். அத்தனை பேரும் சொன்ன நாளில் வேலையை முடித்தார்கள், அவரைத் தவிர. அவர் ஒரு நாள் தாமதம். மறுநாள் காலையில் தானாகவே வந்து, ஏன் தாமதம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரஸ்வதிதான் முதல் நாள் முதல் ஆள். நாலாவது கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "பஸ்ஸு ஏறாம வந்ததே பாதி சொகமுங்க" என்றாள். ஆறுமுகம் டைலைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார், நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்லும் வரை.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்குக் காதில் ஏறவில்லை. வீட்டில் ஒரு குழந்தைக்கு நான் கொடுத்த வாக்கு பொய்த்துப் போய் அப்படியே கிடக்கிறது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, உன் அண்ணி நிலாவுக்குத் தலை பின்னி முடித்ததும், பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"நிலா, அம்மா வெள்ளிக்கெழமை வந்துருவான்னு மாமா சொன்னனே, அது தப்பு கண்ணு. எனக்குத் தெரியாது. தெரியாமயே சொல்லிட்டேன்."

அவள் சடையின் ரிப்பனைத் திருகிக்கொண்டே இருந்தாள். "நீங்களும் செத்துப் போயிருவீங்களா மாமா?" என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

மாட்டேன் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். "அத மாமாவால சொல்ல முடியாது கண்ணு. நாளைக்கு உன்னையப் பள்ளிக்கூடத்துக்கு நாந்தான் கூட்டிட்டுப் போவேன். அது முடியும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எத்தன மணிக்கு?"

உன் மகள்தான், கோகிலா. சந்தேகமே இல்லை.

எட்டேகால் என்றேன். மறுநாள் எட்டு மணிக்கே வண்டியை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து, பள்ளிக்கூடப் பையை என் மடியில் வைத்துவிட்டு, முன்சீட்டில் ஏறினாள். இன்று வரை சொல்லாமல் ஒரு பள்ளிக்கூட நாளும் தவறவில்லை. ஒரே ஒரு நாள் மூணாற்றில் வேலை பார்க்கப் போக வேண்டியிருந்தது, அதை முந்தின நாளே அவளிடம் சொல்லிவிட்டேன். "செரி மாமா, அத்தை வரட்டும்" என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

அவளைக் கடைசி வரை காப்பாற்றுவேன், ஒரு குறையும் வராமல் வளர்ப்பேன் என்று பெரிய வாக்கெல்லாம் உனக்குத் தரமாட்டேன் கண்ணு. அப்படிப்பட்ட வாக்கை நீயே வாங்கமாட்டாய். நாளை திங்கட்கிழமை. காலை எட்டேகாலுக்கு நிலாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவேன்.

நிலாவின் மாமன்,
உன் அண்ணன்
முத்துச்சாமி
கோவிந்தாபுரம்